தலை எண்ணும் வேலை

மாதத்தில் ஒரு ஞாயிறு, எங்கள் கள்ளிக்குப்பம் ஃபிளாட்டிலிருந்து சிலர் கடற்கரைக்குப் போவோம். காற்று வாங்க அல்ல. அம்பத்தூரில் ரயிலேறி, பீச் ஸ்டேஷனில் இறங்கி, பஸ்ஸில் வடக்கே போய், மணலில் என்ன குப்பை கிடக்கிறது, எச்சரிக்கைப் பலகை நிற்கிறதா, எத்தனை பேர் தண்ணீரில் இறங்குகிறார்கள் என்று பார்த்து ஒரு தன்னார்வ அமைப்புக்கு எழுதி அனுப்புவோம். சம்பளம் கிடையாது. என் கணவரைக் கேட்டால் வேலையற்ற வேலை என்பார். வாரம் முழுக்கக் கம்ப்யூட்டரை முறைக்கும் எனக்கு, கடலை முறைப்பது ஒரு மாறுதலாக இருந்தது.

எதிர் ஃபிளாட் அக்கா தானும் வருகிறேன் என்றபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கல்லூரி நண்பர்களோடு குளிக்கப் போன அவருடைய ஒரே மகன், அதே கடற்கரையில்தான் அலையோடு போனான். உடல் கிடைக்கவே இல்லை. வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பாட்டில் பொறுக்கும் வேலையைக் கொடுத்தேன். அவர் தலை எண்ணும் வேலையைக் கேட்டார். தண்ணீரில் இருப்பவர்களை அவ்வப்போது எண்ணிச் சொன்னால் போதும் என்று விளக்கினேன்.

"எறங்கினவங்கள எண்றீங்க. ஏறினவங்கள யாருமா எண்றது?" என்றார்.

எனக்கு எரிச்சல்தான். இறங்கினவர்கள் ஏறத்தானே போகிறார்கள் என்று சொல்ல வந்து, நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அதன் பிறகு அவர் அங்கே கடலுக்கு முதுகு காட்டியதே இல்லை. கட்டை விரலை விரல் கணுக்களில் நகர்த்தியபடி, இறங்குபவர்களை வலது கையிலும் ஏறுபவர்களை இடது கையிலும் எண்ணுவார். நாங்கள் டீ குடித்து, சாக்குகளைக் கட்டி முடித்த பிறகும் நிற்பார். கடைசி ஆள் ஏறி வெகுநேரம் கழித்துதான் இரண்டு கைகளையும் மூடி, "அல்லாரும் வந்துட்டாங்க, போலாம்" என்பார். அவரால் ரயிலைத் தவறவிட்டு நாங்கள் முணுமுணுத்ததுண்டு.

ஒரு ஞாயிறு காற்று பலமாக இருந்தது. பையன்கள் கூட்டம் ஒன்று மட்டும்தான் குளித்தது. அவர்களும் ஏறி, கடல் காலியானது. அக்கா கையை மூடவில்லை.

"ஒண்ணு கொறையுது."

கண்ணைச் சுருக்கிக் கடலைப் பார்த்தேன். அலையைத் தவிர எதுவும் தெரியவில்லை. பையன்களிடம் ஓடினேன்.

"அல்லாரும் இங்கதான் கீறோம் ஆன்ட்டி. நாங்க இன்னா கோழிக்குஞ்சா, எண்ணிக் கூடையில கவுக்க?" என்று ஒருவன் சிரித்தான்.

நான் போட்ட சத்தத்தில் வரிசையாக நின்றார்கள். அக்கா ஒவ்வொரு ஈரத்தலையாகத் தொட்டுக்கொண்டே போனார். சிரித்தவன், அவருக்கு எட்டுவதற்காகக் குனிந்து நின்றான். வரிசை முடிந்தது. யாரும் குறையவில்லை என்று அவர்களே திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அக்காவின் கட்டை விரல் மட்டும் கணுவை விட்டு நகரவில்லை. அவரைக் கைத்தாங்கலாகத்தான் பஸ் ஏற்றினோம்.

ரயில் வில்லிவாக்கம் தாண்டியதும் அவராகவே பேசினார்.

"எண்ண ஆரம்பிக்கறப்பவே அவன ஒண்ணுன்னு வச்சுக்குவேன். அல்லாரும் ஏறினப்பறம், கூப்ட்டு அவனையும் ஏத்திக்கினுதான் ஊட்டுக்கு வருவேன். இன்னிக்கு எவ்ளோ கூப்ட்டும் வரலமா."

எனக்கு அழுகை வந்தது. அவர் அழவில்லை. அம்பத்தூரில் இறங்கியபோது, கூட்டம் நெட்டித் தள்ளிய நேரத்திலும், யாரையோ விட்டுவிட்டது போலத் திரும்பிப் பெட்டியைப் பார்த்தார்.

அடுத்த மாதம் கதவைத் தட்டினேன். "நீங்க போய்ட்டு வாங்கமா" என்று உள்ளிருந்தே குரல் வந்தது. எண்ணும் வேலை எனக்கு வந்து சேர்ந்தது. கடலைப் பார்த்து நின்று, கட்டை விரலைக் கணுவில் வைத்தேன். இன்னும் யாருமே தண்ணீரில் இறங்கவில்லை. ஆனால் அதற்குள் நான் ஒன்று என்று எண்ணியிருந்தேன்.

அன்று குளித்தவர்கள் எல்லாரும் கரையேறிய பிறகும் என்னால் கையை மூட முடியவில்லை. ரயிலுக்கு நேரமாகிறது என்று பின்னாலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.