உப்புக் கோட்டையின் பதினேழாம் அத்தியாயம்

முப்பது வருடமாக நான் தேடிய ‘உப்புக் கோட்டை’ தொடரின் பதினேழாம் அத்தியாயம் கிடைத்தேவிட்டது நண்பர்களே, ஆனால் அதை முதலில் வாசிக்க வேண்டிய ராஜாமணி அக்கா போன செவ்வாய்க்கிழமை இறந்துவிட்டார்!

அக்காதான் முதலில் பார்க்க வேண்டும் என்று அந்தப் பழைய வார இதழைப் பிரிக்காமலேயே வைத்திருந்தேன். ஞாயிறன்று நேரில் கொடுப்பதாக இருந்தேன். அதற்குள் அவர் மகனின் போன் வந்துவிட்டது. இதழைப் பையில் வைத்துக்கொண்டுதான் அருப்புக்கோட்டைக்கு, இழவு வீட்டுக்குப் போனேன். வெளியே எடுக்க மனம் வரவில்லை.

நம் மாயாஜாலக் கதைக் குழுவில் அக்காவைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எண்பதுகளின் கடைசியில் அருப்புக்கோட்டையில் எங்கள் தெருவில் தறி நெய்தவர். வீட்டில் பேசுவது தெலுங்கு, வாசிப்பது தமிழ். தொடர்கதைப் பக்கங்களை வாராவாரம் கிழித்துச் சேர்த்து, தறிப் பாவில் மிஞ்சிய நூலால் தைத்து, சேலைத் துண்டில் அட்டை போடுவார். இரவல் வாங்கிய நாங்கள் அவற்றைத் தலையணைக்கு அடியில் ஒளித்தோம். அக்காவோ, வீட்டுக்கு வருகிறவர் கண்ணில் படும்படி தறியோரமே அடுக்கி வைத்திருப்பார்.

சேலை எடுக்க வந்த தமிழ் வாத்தியார் ஒருநாள் அதைப் பார்த்துவிட்டார். “இந்த வயசுலயும் மந்திரவாதி, ராட்சசனாம்மா?”

“நீங்க வாசிச்சீகளா சார்?”

“இதையெல்லாம் எவன் வாசிப்பான்?”

“அப்ப வாசிச்சவுக பேசிக்கிறோம். நீங்க காப்பியக் குடிங்க, ஆறிப்போகுது.”

‘உப்புக் கோட்டை’யில் ஓர் இளவரசி அடைபட்டிருப்பாள். மழை பெய்தால் கோட்டை கரைந்துவிடும். மந்திரவாதியோ மழையைப் பானைக்குள் பூட்டி வைத்திருப்பான். வானத்தைப் பார்த்தே காலம் தள்ளிய எங்கள் ஊரில் அந்தக் கதை எப்படி எடுபட்டிருக்கும்! பதினேழாம் அத்தியாயம் வர வேண்டிய வாரம் பஸ் ஓடவில்லை, மதுரையிலிருந்து புத்தகக் கட்டும் வரவில்லை. அடுத்த வார இதழில் இளவரசி வெளியே நிற்கிறாள். எப்படி வந்தாள் என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

நாலு நாள் பொறுத்துப் பார்த்த அக்கா, அந்த அத்தியாயத்தைத் தானே எழுதித் தைத்துவிட்டார். ஊதா மையில் எட்டுப் பக்கம். ஒரு கிழட்டு ஆடு கோட்டைச் சுவரை நக்கத் தொடங்கும். மறுநாள் அதன் குட்டிகள். பிறகு மந்தையே வரும். ஒரு வருடம் நக்கி நக்கி, ஓர் ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை விழும்.

“ஏக்கா, போயும் போயும் ஆடா?” என்று சிரித்தேன்.

“நரிக்குடிப் பக்கம் போயிப் பாரு புள்ள, உப்புக்கு ஆடு என்ன பாடு படும்னு. மழ வரலேன்னா அவ உள்ளயே கெடந்து சாகணுமா?”

அந்தத் தொகுப்பைத் தொலைத்தது நான்தான். குழுவில் இதுவரை சொன்னதில்லை. அக்காவிடம் கேட்காமல் எம்.ரெட்டியபட்டித் தோழிக்குக் கொடுத்தேன். அவளிடமிருந்து யார் யார் கைக்கோ போய்விட்டது. அழுதுகொண்டே போய்ச் சொன்னேன்.

“எங்கயோ ஒருத்தி வாசிச்சுக்கிட்டு இருப்பா, விடு” என்றார். நான் கிளம்பும்போது கூப்பிட்டு, “அச்சடிச்சது கெடச்சா மட்டும் கொண்டா. எழுதுனவுகளும் ஆட்ட விட்டாகளான்னு பாக்கணும்” என்றார்.

இழவு வீட்டிலிருந்து திரும்பும் பஸ்ஸில், திருச்சுழி தாண்டியதும் இதழைப் பிரித்தேன். பறக்கும் குதிரையில் ஓர் இளவரசன் வருகிறான், வாளால் சுவரைப் பிளக்கிறான், அவளைத் தூக்கிக்கொண்டு போகிறான். அவ்வளவுதான். ஆடு இல்லை, அக்கா. ஒன்றுகூட இல்லை.

முப்பது வருடம் தவறான அத்தியாயத்தைத் தேடியிருக்கிறேன். அவர் எழுதியதில் ஒரு வரிகூட எனக்கு முழுதாக நினைவில்லை. என்னிடம் மிச்சமிருப்பது அந்தக் கிழட்டு ஆடும், “உள்ளயே கெடந்து சாகணுமா” என்று கேட்ட குரலும்தான்.

உங்கள் வீட்டுப் பரணில், அம்மாவின் பெட்டியில் தேடிப் பாருங்கள். வீரசோழன், எம்.ரெட்டியபட்டி, நரிக்குடி ஊர்க்காரர்களுக்கு இதை அனுப்புங்கள். மாம்பழ நிறச் சேலைத் துண்டு அட்டை, நூல் தையல், நடுவில் ஊதா மை. புத்தகத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அந்த எட்டுப் பக்கத்தை மட்டும் படம் எடுத்து இங்கே போடுங்கள்.