வயிற்றுக்குள் அக்கா

ரத்தப் புற்றுநோய்க்காக அக்காவின் ஸ்டெம் செல்லை எடுத்து எனக்கு ஏற்றினார்கள். நன்றாகவே பிடித்துக்கொண்டது. ஆவடி குவார்ட்டர்ஸுக்குத் திரும்பி, சோற்றில் ருசி தெரிய ஆரம்பித்த சமயத்தில்தான் வயிறு கழன்றுகொண்டது. சாப்பிட்டாலும் போனது, சாப்பிடாவிட்டாலும் போனது. மனைவி என் கட்டிலையே கழிவறைப் பக்கம் நகர்த்திப் போட்டுவிட்டாள்.

டாக்டர் நிதானமான இளைஞர். "கிருமித் தொற்றா இருக்கலாம் சார். நீங்க சாப்பிடுற மாத்திரையா இருக்கலாம். இல்லன்னா, உங்க அக்காவோட செல்லு உங்க குடலை வேத்தாள்னு நினைச்சுத் தாக்கலாம். டெஸ்ட் பண்ணாத்தான் தெரியும்" என்றார்.

மனைவியின் காதில் கடைசிக் காரணம் மட்டும்தான் விழுந்தது. வீடு வந்து சேர்வதற்குள் பூந்தமல்லியில் இருக்கும் அக்காவுக்குப் போன் போய்விட்டது. "அண்ணி, உங்க செல்லு இவரை உள்ள போட்டு அடிக்குதாம்."

அக்கா அன்று முழுக்க அழுதிருக்கிறாள். மறுநாளிலிருந்து காரத்தை விட்டாள். தன் உடம்பு குளிர்ந்தால் எனக்குள் இருக்கிற செல்லும் அடங்கும் என்பது அவள் கணக்கு. வெந்தயம், மோர்ச்சோறு, எண்ணெய்க் குளியல்.

"அது உன்னை விட்டு வந்துடுச்சுக்கா" என்றேன்.

"பொறந்த வீட்டுச் சேதி அதுக்குத் தெரியாமப் போயிடுமாடா?"

அப்புறம் அக்காவின் கணவர், லேத் பட்டறை வைத்திருக்கும் மாமா, கூப்பிட்டார். "இன்னா மச்சான், உனுக்கு வயித்தால போவுது, சரி. எங்க ஊட்ல எதுக்கு மொளகாத்தூள ஒளிச்சி வச்சிகீறா உங்கக்கா? தெனம் சொரக்கா கூட்டு. பட்டறைக்கு வர்றவன்லாம் எனுக்குத்தான் ஒடம்பு சரியில்லனு நெனச்சிகினு கீறான்."

சிரித்துவிட்டேன். அந்த நிலைமையில் சிரிப்பது ஆபத்து. போனோடு ஓடினேன். உள்ளே உட்கார்ந்திருக்கும்போதும் மாமா சுரைக்காயைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார்.

பயம் இல்லாமல் இல்லை. அக்காவின் செல்தான் என்றால் மறுபடி அட்மிட் ஆகவேண்டும், வைத்தியம் கடுமை. மலத்தைச் சோதித்தார்கள், குழாய் விட்டுக் குடலிலிருந்து துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். முடிவு தெரியும் நாளில் அக்காவும் மாஸ்க் போட்டுக்கொண்டு வந்திருந்தாள்.

"கிருமி இல்லை, குடலும் நல்லா இருக்கு" என்றார் டாக்டர். "ரத்தத்துல மெக்னீசியம் குறைஞ்சதுன்னு மாத்திரையைக் கூட்டினோமே, அதுதான் வயித்தை இளக்குது. குறைச்சிடலாம்."

அக்கா எழுந்து நின்றாள். "அப்ப என் செல்லு?"

"அது ஒண்ணும் பண்ணலம்மா."

"அதை இவ கிட்ட சொல்லுங்க. சத்தமா சொல்லுங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். பிறகு என் மனைவி பக்கம் திரும்பி, கோர்ட்டில் தீர்ப்பு வாசிப்பதுபோல், "இவங்க செல்லு மேல எந்தத் தப்பும் இல்லை" என்றார். வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

திரும்பும்போது காரில் இரண்டு பேரும் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

மாத்திரையைக் குறைத்ததும் வயிறு மெல்ல மெல்லக் கட்டுக்கு வந்தது. ஒரு காலை, எல்லோருக்கும் போவதுபோல் எனக்கும் போனது. சொன்னதும் மனைவி போனை எடுத்தாள். நிறம், பதம், மணம் வரை ஒன்று விடாமல் அக்காவுக்கு விவரித்தாள். அக்கா குறுக்குக் கேள்வி கேட்டாள். இரண்டு பேரும் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.