மூன்றாவது டாக்டருக்கு வைத்த பரீட்சை

போன வாரம் தஞ்சாவூரில் மூன்றாவது டாக்டரைப் பார்த்தேன். விஷயம் அதேதான் — இடுப்பு. அங்கிருந்து இடது கணுக்கால் வரை மின்சாரம் பாய்ச்சும் ஒரு நரம்பு. ஆபரேஷன் செய்துகொள்வதா, வேண்டாமா?

முதல் டாக்டர் சர்ஜன், ஆபரேஷன் என்றார். இரண்டாமவர் நரம்புக்கு ஊசி போடுபவர், ஊசி என்றார். பாபநாசத்தில் இருக்கும் என் மைத்துனர் ஆயுர்வேத எண்ணெய்ப் பிழிச்சல் கட்சி. "மச்சான், முதுகுல கத்தி பட்டா அப்புறம் எந்திரிக்கவே முடியாது, பார்த்துக்குங்க!" அவர் சிபாரிசு செய்த வைத்தியசாலை யாருடையது? அவருடைய சம்பந்தியுடையது.

யாரை நம்புவது?

நான் தாசில்தாராக இருந்து ரிட்டயர் ஆனவன். வாய்க்கால் தகராறு விசாரிக்கப் போனால், தெரிந்ததில் பாதியை மறைத்துக்கொண்டுதான் கேள்வி கேட்பேன். எதிரில் இருப்பவர் எவ்வளவு அளக்கிறார் என்பது அப்போதுதான் தெரியும். டாக்டருக்கும் அதே பரீட்சை. வலியை மட்டும் சொல்வது, மற்றதை மூடிவைப்பது. அதற்கே கத்தியை எடுத்தால்... ஆள் வியாபாரி.

"கால் மரத்துப்போகுதா? பலம் குறையுதா?"

"இல்லையே."

கட்டிலில் படுக்கச் சொன்னார். படுத்தால் எழ முடியாது என்று தப்பித்தேன்.

"அப்ப ஆபரேஷனுக்கு அவசரமில்லை சார். பிசியோதெரபி பண்ணுங்க, கொஞ்ச நாள் பார்ப்போம்."

வாய்தா! அப்பாடா, ஒரு நேர்மையான மனிதர். எழுந்துவிட்டேன்.

என் மனைவி வசந்தா எழவில்லை. "டாக்டர், நாலஞ்சு நாளா இவருக்கு இடது கால் செருப்பு கழண்டு போறதே தெரியலை. நான்தான் பின்னாடியே பொறுக்கிட்டு வர்றேன். அதுக்கும் பிசியோதெரபிதானா?"

டாக்டர் பேனாவை மூடினார். "குதிகாலை மட்டும் ஊனி நடங்க சார்."

வலது பாதம் நிமிர்ந்தது. இடது... தரையிலேயே கிடந்தது.

"இதைப் போய் மறைப்பாங்களா சார்? ரொம்ப நாள் விட்டா, அப்புறம் ஆபரேஷன் பண்ணினாலும் அந்தப் பலம் திரும்பாமலே போகலாம். இனிமே தள்ளிப்போடாதீங்க."

அவசரமில்லை என்ற அதே வாய்! இதில் எதைச் சந்தேகப்படுவது? பரீட்சையில் அவர் பாஸ். ஃபெயிலானது யார் என்று நான் வேறு சொல்ல வேண்டுமா?

காரில் வசந்தா கேட்டாள். "ஏங்க, நாலாவது டாக்டர்கிட்ட எப்பப் போறோம்?" கிண்டல்தான். ஆனால் என் இடது கால் செருப்பு அவள் கையிலேயே இருந்தது.

நேற்று அந்த மூன்றாவது டாக்டரிடமே ஆபரேஷனுக்கு அட்மிட் ஆகிவிட்டேன். சர்க்கரை, பிரஷர், பழைய வியாதி எல்லாம் விசாரிக்க நர்ஸ் வந்தார். டாக்டர் சொல்லி அனுப்பியிருக்க வேண்டும் — என் பக்கம் திரும்பவேயில்லை. நாற்காலியை இழுத்து வசந்தாவுக்கு எதிரில் போட்டுக்கொண்டார்.