பதினோரு கிணறுகள்

வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் மீன்தான். திண்டிவனத்தில் எங்கள் தெருவுக்கு மரக்காணம் பக்கத்துக் குப்பம் ஒன்றிலிருந்து ஓர் அக்கா மீன் கொண்டுவருவார். விழுப்புரம் தனி மாவட்டமாகி ஒன்றிரண்டு வருடங்கள் ஆகியிருந்த சமயம். ஒரு வெள்ளிக்கிழமை கூடையை இறக்கியவர், மீனை எடுக்காமல் அடியிலிருந்து ஒரு சோடா பாட்டிலை எடுத்து நீட்டினார். அதில் தண்ணீர் இருந்தது.

"காலேஜுல கெமிஸ்ட்ரிதானே டீச்சரம்மா நீங்க? இது எங்க ஊட்டுக் கெணத்துத் தண்ணி. வாயில வைக்க முடியல. எறா பண்ணை வந்ததுலருந்து இப்படித்தான் குடிச்சிக்கினு கெடக்கறோம். நீங்க டெஸ்ட் பண்ணி எழுதிக் குடுத்தா ஆபீசருங்க நம்புவாங்க."

ஒரு பாட்டிலை வைத்து எதையும் சொல்ல முடியாது, ஊரிலுள்ள எல்லாக் கிணறுகளிலும் நானே வந்து எடுக்க வேண்டும் என்றேன். அவருக்குச் சந்தோஷம். உண்மையைச் சொன்னால் எனக்கும்தான். பல வருடங்களாக நானே உப்பைக் கரைத்து, நானே விடை தெரிந்து வைத்துக்கொண்டு, மாணவிகளைக் கண்டுபிடிக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். விடை தெரியாத தண்ணீர் ஒன்று முதல்முறையாகக் கைக்கு வந்திருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் பஸ் ஏறினேன். சித்திரை மாத வெயில். குப்பத்துக்குத் தெற்கே இறால் பண்ணை. அதன் கழிவுநீர் ஒரு வாய்க்காலில் வீடுகளை ஒட்டி ஓடி உப்பங்கழியில் கலந்தது. ஊருக்கு மேற்கே, பண்ணைக்கு வெகுகாலம் முன்பிருந்தே உப்பளம். மொத்தம் பதினோரு கிணறுகள். பாட்டில்களில் எண் மட்டும் போட்டேன். ஒவ்வொன்றிலும் பாதியை, எந்தக் கிணறு என்று சொல்லாமல், துறையில் இன்னொருவரிடம் கொடுத்தேன். இருவரும் தனித்தனியே சோதித்தோம். சில்வர் நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக விட, குரோமேட் கலந்து மஞ்சளாக இருக்கும் தண்ணீர் செங்கல் நிறத்துக்கு மாறும். எத்தனை சொட்டு தாங்குகிறதோ அத்தனை உப்பு. இருவர் கணக்குகளும் ஒத்துப்போயின.

வாய்க்காலை ஒட்டிய கிணறுகளெல்லாம் கரித்தன. ஆனால் பண்ணைச் சுவருக்குப் பக்கத்திலேயே இருந்த கிணறு நல்ல தண்ணீர். எல்லாவற்றையும்விட அதிகம் கரித்தது அக்காவின் கிணறு. அது பண்ணைக்கும் வாய்க்காலுக்கும் எட்டத்தில், உப்பளத்தின் ஓரத்தில் இருந்தது.

ஊருக்காக மனு எழுதிக்கொண்டிருந்த இளம் வக்கீல் ஒருவர், கல்லூரிக்கு வந்து என் அறிக்கையைப் படித்தார். பண்ணைச் சுவரோரக் கிணற்றையும் அக்காவின் கிணற்றையும் எடுத்துவிடச் சொன்னார்.

"எடுத்தது பதினொண்ணு சார். ஒன்பதுன்னு எப்படி எழுதுவேன்?"

"எதிர்ப்பக்கம் உண்மைய எழுதிக்கினு வருவாங்கன்னு நெனைக்கிறீங்களா மேடம்?"

பதினொன்றையும் எழுதிக் கொடுத்தேன்.

விழுப்புரத்தில் மாவட்ட அதிகாரி முன்னால் விசாரணை. பண்ணை மேலாளர் தாங்கள் அமர்த்திய பரிசோதனைக்கூடத்தின் அறிக்கையை வைத்தார். அதில் எல்லாக் கிணறும் நல்ல தண்ணீர். பிறகு என் அறிக்கையை எடுத்து, அந்த இரண்டு கிணறுகளைப் பற்றிய வரிகளை மட்டும் நிறுத்தி நிதானமாக வாசித்தார். ஊர்க்காரர்கள் கூட்டிவந்த டீச்சரே பண்ணை மேல் குற்றமில்லை என்கிறார் என்று முடித்தார். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த அக்கா எழுந்து வெளியே போனார். என் பக்கம் திரும்பவில்லை.

அதன்பின் அவர் எங்கள் தெருவுக்கு வரவில்லை. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பாடம் நடத்தும்போது பாதி வாக்கியத்தில் நின்றுவிடுவேன். மாணவிகள் எடுத்துக்கொடுக்க வேண்டியிருந்தது. வகுப்பு இல்லாத நேரத்தில் வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். கணக்கை மறுபடி மறுபடி போட்டேன். அதே விடைதான் வந்தது. குப்பத்துக்குப் போய்ப் பேசிவிடலாம் என்று பஸ் ஏறி, பாதி வழியில் பிரம்மதேசத்திலேயே இறங்கித் திரும்பி வந்தேன். சரியாகச் செய்தேன் என்று மனதுக்குத் தெரிந்தது. உடம்புதான் கேட்கவில்லை.

பண்ணையின் அறிக்கையை ஐந்தாம் முறையோ ஆறாம் முறையோ படிக்கும்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. அவர்கள் தண்ணீர் எடுத்தது கார்த்திகையில், மழை கொட்டி முடிந்த கையோடு. நான் எடுத்தது கோடையில். அவர்கள் பொய் எழுதவே வேண்டியிருக்கவில்லை. மாதத்தைத் தேர்ந்தெடுத்தால் போதும். என் அறிக்கையும் ஒரே ஒரு நாளின் தண்ணீர்தானே?

வக்கீலிடம் சொல்லாமல் நேரே விழுப்புரம் போனேன். விசாரித்த அதிகாரி இரண்டு அறிக்கைகளையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். எதை நம்புவது என்று கேட்டார்.

"ரெண்டையும் நம்பாதீங்க சார். ஒரு வருஷம், மாசாமாசம் எடுக்கணும். எடுக்கும்போது ரெண்டு பக்கத்து ஆளும் நிக்கணும். அங்கயே மூடி, மெழுகு வச்சு, ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும்."

"மேலிடத்துல அடுத்த வாரம் பதில் கேக்குறாங்க மேடம். நீங்க ஒரு வருஷம்னு சொல்றீங்க."

ஆனாலும் அவர், ஒரு வருடம் மாதாமாதம் எடுத்து எங்கள் கல்லூரியிலும் வேறு ஊர் அரசுக் கல்லூரி ஒன்றிலும் தனித்தனியே சோதிக்க வேண்டும் என்று உத்தரவு எழுதினார்.

ஊர்ப்பக்கச் சாட்சியாக நிற்க யாரும் முன்வரவில்லை. கடைசியில் வந்தது அக்காதான். மூன்று மாதம் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. வாளியை இறக்குவார், இழுப்பார், கையெழுத்துப் போடுவார், போய்விடுவார். நான்காம் மாதம், பாட்டிலை மூடிக்கொண்டிருந்த என்னிடம் தரையைப் பார்த்தபடியே சொன்னார்:

"மாசத்துல ஒருநாள் இஷ்டத்துக்கு வந்தா என்ன தெரியும்? எறா புடிச்சிட்டு கொளத்த வடிப்பாங்க. அந்த வாரம் வாங்க."

பண்ணைக் குளங்களை எப்போது வடிப்பார்கள் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. படித்தவள் கேட்டிருக்க வேண்டிய முதல் கேள்வி அது. அதிகாரியிடம் சொல்லி அந்த வாரங்களையும் சேர்த்தோம். அப்புறம் யாரும் வாதாட வேண்டியிருக்கவில்லை. குளம் வடித்த ஒவ்வொரு முறையும் வாய்க்காலோரக் கிணறுகளில் உப்பு ஏறியது. சுவரோரக் கிணற்றிலும் அக்காவின் கிணற்றிலும் அளவு அசையவில்லை. ஒவ்வொரு பாட்டிலிலும் மேலாளரின் ஆள் கையெழுத்துப் போட்டிருந்தார். வாய்க்காலுக்கு சிமென்ட் பூசி, ஊரை விட்டுத் தள்ளி மாற்றும் வரை தண்ணீர் விடக்கூடாது என்று உத்தரவு வந்தது. சில வருடங்களில் இறாலுக்கு நோய் வந்து, பண்ணையே மூடிக்கொண்டது. கிணறுகள் சில மழைக்காலம் கழித்து ஒவ்வொன்றாகத் தேறின. ஒன்று மட்டும் தேறவேயில்லை.

அக்கா மறுபடி எங்கள் தெருவுக்கு வரத் தொடங்கியபின் ஒருநாள், மீனை நறுக்கிக்கொண்டே பேச்சை எடுத்தார்.

"அன்னிக்கு என் கெணத்த மறைச்சி எழுதியிருந்தா, அதப் புடிச்சிக்கினு மொத்தத்தையும் தள்ளியிருப்பாங்க, மத்த கெணறும் போயிருக்கும்னு வக்கீலே சொல்றாரு. அது எனக்குப் புரியுது டீச்சரம்மா. ஆனா மொதல்ல பாட்டில எடுத்துக்கினு வந்தது நானு. எனக்குத்தான் தண்ணி கெடைக்கல."

அவர் கிணறு கரிப்பதற்குப் பண்ணை காரணமில்லை என்று நிரூபித்ததோடு என் வேலை முடிந்துவிட்டதாக நினைத்திருந்தேன். குடிக்க அவருக்குத் தண்ணீர் வேண்டும் என்பது யாருடைய அறிக்கையிலும் இல்லை. மறுநாளே உப்பளத்தோர வீடுகளுக்குக் குழாய் கேட்டு மாவட்ட அலுவலகத்துக்கு எழுதினேன். பதில் இல்லை. வருடத்துக்கு இரண்டு முறையாவது எழுதிக்கொண்டே இருந்தேன். நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்னால் குழாய் வந்தது. என் கடிதங்களால் வந்ததா, தேர்தலால் வந்ததா என்று எனக்குத் தெரியாது. அக்கா தேர்தல் என்கிறார்.