பட்டன் காணோம்

பேசிக் சார் என்றுதான் எல்லோரும் அவரைக் கூப்பிட்டார்கள். பேசிக் என்ற கம்ப்யூட்டர் மொழியில் புரோகிராம் எழுதியே இருபத்தெட்டு வருடம் காலத்தை ஓட்டியவர். மனைவி போய் மூன்று வருடம். மகள் வெளியூரில்; போனில் பேசினால் இரண்டு நிமிடம், அதிலும் பாதி "சாப்பிட்டீங்களாப்பா"தான்.

வாராவாரம் தவறாமல் அவரைக் கூப்பிட்ட ஒரே ஆள், இவர் புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்த ஒரு பல் ஆஸ்பத்திரியின் வரவேற்பில் இருந்த பெண்.

"சார், மறுபடியும் சேவ் பட்டன் காணோம்!"

பட்டன் எங்கும் ஓடிப்போகவில்லை. அவள் திரையில் விண்டோவின் ஓரத்தைப் பிடித்து இழுத்துச் சுருக்கிவிடுவாள். இவர் அளவெடுத்து அடித்து வைத்த பட்டன் இருந்த இடத்திலேயே இருந்து, கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

"ஓரத்தைப் பிடிச்சு வலது பக்கம் இழும்மா."

"ஆ, வந்துடுச்சு! உங்க பக்கம் மழையா சார்?"

அப்படியே பத்து நிமிடம் பேச்சு நீளும். அந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான் அவர் மீதி வாரத்தைத் தள்ளினார். விண்டோவின் அளவு மாறினால் பட்டனும் கூடவே நகர, பத்து வரி எழுதினால் போதும். அவருக்குத் தெரியாதா என்ன? எழுதவில்லை, அவ்வளவுதான்.

ஒருநாள் போனில் பின்னால் டாக்டர் கத்துவது கேட்டது. "வலியோட வந்தவர் பேரே லிஸ்ட்ல இல்ல! ஒரு மணி நேரமா உக்காந்திருக்கார்! ஒரு பட்டனை அழுத்தத் தெரியாதா உனக்கு?"

"சாரி சார், நான்தான் ஏதோ தப்பா பண்றேன்," என்றாள் இவரிடம். இவர் கூனிக் குறுகிப் போனார்.

உடனே எழுத உட்கார்ந்தார். விண்டோவின் அகலத்தில் பட்டனின் அகலத்தைக் கழி, கொஞ்சம் இடம் விடு, அங்கே வை. ஒன்பது வரி முடிந்தது. விண்டோவை மினிமைஸ் பண்ணி முழுக்கக் கீழே இறக்கி வைத்தால் கணக்கு மைனஸில் போய் புரோகிராம் படுத்துவிடும். பத்தாவது வரி அதைத் தடுப்பதற்கு. அதை மட்டும் விட்டுவிட்டால்? மாதம் ஒரு போனாவது வரும். விரல் கீபோர்டின் மேலேயே நின்றது. சீ, இந்த வயதில் இப்படி ஒரு திருட்டுப் புத்தியா என்று தன்னையே திட்டிக்கொண்டு அதையும் எழுதினார்.

மறுநாள் நேரில் போய் மாற்றிக் கொடுத்தார். அவள் இழுத்துப் பார்த்தாள், சுருக்கிப் பார்த்தாள். பட்டன் நாய்க்குட்டி மாதிரி கூடவே வந்தது.

"தப்பு உன்னோடது இல்லம்மா, என்னோடது," என்றார், உள்ளே டாக்டர் காதிலும் விழும்படி.

அடுத்த வாரம் போன் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. மூன்றாவது வாரம் பொறுக்க மாட்டாமல் அவரே கூப்பிட்டார்.

"புரோகிராம் எப்படிம்மா ஓடுது?"

"ஒரு தொந்தரவும் இல்ல சார். வேற ஏதாவது சொல்லணுமா?"

சொல்ல எவ்வளவோ இருந்தது.

"ஒண்ணும் இல்லம்மா," என்றார்.