யாரும் போகாத பார்

வக்கீல் சவரிமுத்து அண்ணன் போய்விட்டார் என்ற செய்தி, மாரியூரிலிருந்து கருவாடு ஏற்றி வந்த பஸ்ஸோடு இராமநாதபுரத்துக்கு வந்தது. கண்டக்டர்தான் சொன்னார். இங்கே கோர்ட்டில் அவரோடு பழகிய உங்களுக்கு அவர் குரலை உயர்த்தாத வக்கீல். எங்கள் மாரியூர்க் கரையில் அவர் வேறு மாதிரி.

எண்ணெய் தேடி வந்தவர்கள் மாரியூருக்கு நேரே கடலில் இருக்கும் பாரில் துளை போட நினைத்தார்கள். பார் என்பது கடலடிப் பாறைத்திட்டு. மீன் சினை வைக்கும் இடம். எங்களில் யாரும் அதன்மேல் வலை விடுவதில்லை. அங்கே பெருகி வெளியே வருவது மட்டுமே நமக்கு என்பது வழக்கம். விசாரணைக்கு வந்த அதிகாரி, அந்த இடத்தில் மீன் பிடிப்பது யார் என்று கேட்டார்.

"நாங்க அங்கன போறதே இல்லைங்கய்யா" என்றார்கள் எங்கள் ஆட்கள், பெருமையாக.

பயன்பாட்டில் இல்லாத இடம் என்று அவர் எழுதிக்கொண்டார்.

அண்ணன் எழுந்தார். "ஐயா, உங்க வீட்டுச் சாமி ரூம்ல யாரும் படுக்கிறதில்ல. அதை வாடகைக்கு விட்டுருவீகளா?"

அதிகாரியும் சேர்ந்து சிரித்தார். எழுதியதை அடிக்கவில்லை.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நாளைக்கே எல்லாப் படகும் பாரில் வலை விடட்டும், பயன்பாடு என்றால் என்னவென்று காட்டுவோம் என்றேன். பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள்.

"ஏலே, அவுக வந்து அழிக்கிறதுக்குள்ள நாம முந்திக்கணுமாக்கும்?" என்றார் அண்ணன். எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள்.

அதன் பிறகுதான் ஒரு மசோதாவை எழுதினார். காட்டிலோ கடலிலோ, மனிதர்கள் தொடாமல் விட்டுவைத்த இடத்தில் எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் துளை போடக் கூடாது; அவ்வளவுதான் அதன் சாரம். எங்கள் சட்டமன்ற உறுப்பினர் சென்னைக்கு எடுத்துப் போனார். மீனுக்கு ஓட்டு உண்டா என்று அங்கே கேட்டுச் சிரித்தார்களாம். எண்ணெய் டெல்லியின் விவகாரம் என்று திருப்பிவிட்டார்கள். மீன் எவருடைய விவகாரம் என்று சொல்ல ஆளில்லை. டெல்லிக்கு எங்கள் கடலடி தெரிகிறது. கரையில் நிற்கும் எங்களைத் தெரியவில்லை.

அண்ணன் டெல்லிக்கும் எழுதிப் போட்டார். படுக்கையில் விழுந்த பிறகு பார்க்கப் போனவர்களிடம், "சட்டம் வர்றப்ப வரட்டும். அதுவரைக்கும் வழக்கத்தைக் கெடுத்துராதீக" என்றார்.

அடக்கம் முடிந்த மறுநாள் விடியலில் கரைக்குப் போனேன். பாரின்மேல் எண்ணெய்க்காரர்கள் அடையாளத்துக்கு நட்ட சிவப்புக் கொடி ஆடிக்கொண்டிருந்தது. மசோதா எங்கோ தூங்குகிறது. என் கோபம் தூங்கவில்லை. அதை விட்டுவிடு என்று அவரும் ஒருநாளும் சொன்னதில்லை. படகுகள் கிளம்பின. பாரை நெருங்கியதும் ஒவ்வொன்றும் பாயைத் திருப்பி, அதைச் சுற்றி விலகிப் போயிற்று. அன்று அவர் எங்களை உட்கார வைத்திராவிட்டால் நாங்களே பாரை அழித்திருப்போம்; அப்படிச் சுற்றிப் போக எங்களுக்குக் காரணம் இருந்திருக்காது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தச் சுற்றுவழிதான்.