இரண்டாவது பந்தி

அந்த மேன்முறையீட்டை எழுதியது நான். கையொப்பம் மட்டும்தான் அவருடையது.

நீர்ப்பாசன அலுவலகமொன்றில் எழுதுவினைஞராகச் சேர்ந்து எனக்கு அப்போது இரண்டு வருடம். எங்கள் பொறுப்பில் வயல் பக்கமாக ஒரு குளம் இருந்தது. துருசுக் கதவைத் திறந்து மூடி, வாய்க்கால்களுக்கு முறைப்படி தண்ணீர் விடுவதற்கு நாலு தொழிலாளர்கள். மூன்று பேர் கல்முனைப் பக்கத்து முஸ்லிம்கள், ஒருவர் காரைதீவுப் பக்கத்துத் தமிழர். அவரை அண்ணன் என்று கூப்பிடுவேன். வயதைப் பார்த்தால் என் வாப்பாவோடு ஒத்தவர்.

மேற்பார்வையாளர் பதவி வெற்றிடமாகக் கிடந்த பதினாலு மாதமும் அந்த வேலையைப் பார்த்தவர் அண்ணன்தான். அந்த இடத்தில் அவரை வேலை பார்க்கச் சொல்லிப் பொறியியலாளர் எழுத்தில் கொடுத்த பதில் கடமைக் கடிதமும் கையில் இருந்தது. நேர்முகப் பரீட்சை முடிந்து பெயர் வந்தபோது அது அவருடையதல்ல. ஆறு வருடம் இளையவரான, அதே குளத்து மற்ற மூவரில் ஒருவருடையது. எங்கள் வீட்டு வழக்கில் மூத்தவரைக் காக்கா என்போம், அவரையும் அப்படித்தான் கூப்பிடுவேன். புள்ளித்தாளின் பிரதியைக் கேட்டு எடுத்தோம். பதில் கடமைக்குரிய கட்டத்தில் புள்ளி இல்லை, ஒரு கோடு இழுத்திருந்தார்கள்.

அண்ணன் ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது. மேற்பார்வையாளராக ஓய்வு பெற வேண்டும் என்பதைத் தவிர அவர் வேறொன்றும் கேட்கவில்லை. காக்கா மேல் கோபமும் இல்லை. "அவன் என்ன செய்வான் தம்பி, கூப்பிட்டாங்க, போனான்" என்றார்.

கடிதத்தை நான் எழுதித் தருகிறேன் என்றேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். வாப்பா இன்றும் பெருவிரல்தான் வைப்பார். பத்தாம் வகுப்பிலிருந்தே தெருவில் யாருக்கு விண்ணப்பம் என்றாலும் எங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள். கடிதம் நீளமாக இருந்தால் அவர்களுக்கு நிம்மதி. ஒரு பக்கத்தோடு முடித்தால், இன்னும் கொஞ்சம் எழுதுங்களேன் என்பார்கள். நானும் அப்படித்தான் பழகியிருந்தேன். எங்களைப் போன்றவர்களின் நியாயத்தை நிறையச் சொன்னால்தான் மேலிடத்துக்குக் கேட்கும் என்று நம்பினேன்.

கடிதத்தின் முதல் பந்தியில் பதினாலு மாதத்தையும் புள்ளிக்குப் பதிலாக இழுத்திருந்த கோட்டையும் எழுதினேன். அது போதவில்லைபோல் இருந்தது.

விபரம் கேட்கக் குளத்துக்குப் போயிருந்தபோது அண்ணன் தேத்தண்ணி குடித்துக்கொண்டே ஒரு விசயம் சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமைகளில் மற்ற மூவரும் காலையில் வந்து கையொப்பம் வைத்துவிட்டு ஜும்ஆத் தொழுகைக்குப் புறப்படுவார்கள். குளத்திலிருந்து பள்ளிவாசல் தூரம், போனால் அன்று திரும்பி வரமாட்டார்கள். அண்ணன் தனியாகத் துருசைப் பார்த்துக்கொள்வார். நோன்பு மாதத்தில் பின்னேரங்களும் அவருடையவை. வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில் குளிர்த்திச் சடங்கு வரும்போது ஏழு நாளும் அவர் காரைதீவில் நிற்பார், மூவரும் அவர் வேலையைச் செய்வார்கள். பதிவேட்டில் அவர் கையொப்பம் முன்கூட்டியே இருக்கும். இருபது வருடமாக ஒருவரும் யாரிடமும் அனுமதி கேட்டதில்லை, யாரும் யாருக்கும் கடமைப்பட்டதுமில்லை.

இதைக் கேட்டதும் எழுதலாமா என்றேன். அவர் சிரித்தார்.

"இது எழுதுறத்துக்கில்ல தம்பி. சும்மா கதைச்சது."

தன்னடக்கம் என்று நினைத்துவிட்டேன். அவர் கூச்சப்பட்டுச் சொல்லாததை நான் சொல்லிக் கொடுத்தால் அது உதவிதானே என்று தோன்றியது. மேலதிகமாக ஆற்றிய சேவை என்று இரண்டாவது பந்தியில் வெள்ளிக்கிழமைகளைப் போட்டேன். குளிர்த்தியைப் போடவில்லை. கையொப்பம் வைக்க அலுவலகத்துக்கு வந்தவர், "எல்லாம் சரிதானே?" என்று கேட்டார். ஓம் என்றேன். வாசித்துக் காட்டவில்லை.

இரண்டு மாதத்தில் விசாரணைக்கு ஒரு அதிகாரி வந்தார். வருகைப் பதிவேடுகளைத்தான் முதலில் கேட்டார். வெள்ளிக்கிழமைகளில் நாலு கையொப்பம் இருக்க, ஒருவர்தான் வேலை செய்ததாகக் கடிதம் சொல்கிறதே, மூன்று கையொப்பம் பொய்யா என்பது அவர் கேள்வி. தோண்டத் தோண்ட வைகாசியும் வந்தது. அண்ணன் மறைக்கவில்லை. நாலு பேருக்கும் ஒழுக்காற்று விசாரணை என்று கடிதம் வந்தது. அது முடியும்வரை காக்காவின் பதவி உயர்வு இடைநிறுத்தம், அண்ணனின் மேன்முறையீடும் நிறுத்தம்.

புறப்படும் முன் அந்த அதிகாரி என் மேசையில் கடிதத்தைப் போட்டு, யார் எழுதியது என்று கேட்டார். நான் என்றேன். சிங்களவர், தமிழை யோசித்து யோசித்துப் பேசுவார்.

"முதல் பந்தி போதும்தானே. அதுக்கே நான் குடுத்திருப்பன். ரெண்டாவது எதுக்கு?"

கடிதத்தை எடுத்துக் கோப்பில் போட்டேன்.

அடுத்த கிழமை காக்கா அலுவலகத்துக்கு வந்தார். அவர் சண்டை பிடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். எல்லோரும் கேட்கும்படி, "என்ன தம்பி, நம்மட ஜும்ஆவையெல்லாம் கவர்ல போட்டு அனுப்பிட்டீங்களாம்?" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள்.

அதன்பிறகு குளத்தில் மாற்றிப் பார்க்கும் வழக்கம் நின்றுபோனது. வெள்ளிக்கிழமைகளில் மூவரும் அரைநாள் லீவு எழுதினார்கள். அண்ணன் தனியாகக் கதவைத் தொடக்கூடாதென்று உத்தரவு. பதினொரு மணிக்கே துருசு மூடப்பட்டது. சிறுபோகத்தில் தண்ணீர் போதாமல் கடைமடை வயல்காரர்கள் வந்து சத்தம் போட்டார்கள். அடுத்த குளிர்த்திக்கு அண்ணனுக்குக் கிடைத்தது இரண்டு நாள் லீவு. கடைசி நாளுக்கு மட்டும் போய் வந்ததாகச் சொன்னார்கள். அவரிடம் நான் கேட்கவில்லை.

ஒழுக்காற்று விசாரணை இழுபட்டது. அதற்குள் அண்ணனுக்கு அறுபது வந்துவிட்டது. ஓய்வூதியப் படிவத்தைத் தயாரித்ததும் நான்தான். பதவி என்ற இடத்தில் தொழிலாளர் என்று தட்டச்சுச் செய்து அவர் முன்னால் வைத்தேன். இம்முறை முழுவதையும் வாசித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டே இருந்தவர், "அந்தப் பதினாலு மாசம் இதில வராதா?" என்றார்.

"அதுக்கு இதில இடமில்ல அண்ணன்."

"ஓம். சரி."

மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் பேனையை என்னிடம் திருப்பித் தந்துகொண்டே, நீ பொய் ஒண்டும் எழுதல்லயே தம்பி என்றார். எனக்கு அது ஆறுதலாக இல்லை. பொய் எழுதியிருந்தால் அதைத் திருத்தியாவது இருக்கலாம். எழுந்தவர், காக்காவைச் சொல்லி, "அவனுக்கு இன்னும் காலம் கிடக்கு. அவன்ட கேஸ் முடிஞ்சா நீதான் எழுதிக் குடுக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

போன மாதம் விசாரணை முடிந்தது. எச்சரிக்கையோடு விட்டார்கள். காக்கா தன் பதவி உயர்வைத் திரும்பக் கேட்டு எழுதியிருக்கிறார். என்னிடம் வரவில்லை. வழியில் கண்டால் ஸலாம் சொல்கிறார், நிற்பதில்லை. கடிதத்தை அக்கரைப்பற்றில் ஒரு தட்டச்சுக் கடையில் அடிப்பித்திருந்தார். இரண்டு எழுத்துப் பிழை இருந்தது. மற்றபடி ஒரே பந்தி, எட்டு வரி. அதற்குத் திகதி முத்திரை குத்திப் பதிவேட்டில் ஏற்றி, மேலே அனுப்பி வைத்தேன்.